வீரவநல்லூர் தறிச் சாயத் தண்ணிக்கு கைட்டோசான் பீட்ஸ் போதுமா?

தறிநாடா
பருத்தி நூலுக்கு ரியாக்டிவ் சாயம் (நூலோடயே வேதிப்பிணைப்பா ஒட்டுற சாயம்) போடுற சின்னப் பட்டறை. நாளுக்கு ஆயிரம் லிட்டர் கழிவு. தொட்டித் தண்ணி, அலசுன தண்ணி எல்லாம் ஒண்ணா ஒரே குழிக்குப் போகுது. நிறத்தை எடுக்க கைட்டோசான் பீட்ஸ், அதாவது இறால் ஓட்டுல இருந்து வர்ற பாலிமர்ல செஞ்ச சின்ன ஜெல் உருண்டை, போடலாம்னு யோசனை. தூத்துக்குடி பக்கம் இறால் ஓடு மலிவாக் கிடைக்கும், அதுல இருந்தே செய்யலாம்ங்காங்க. ஒரு கிராம் ஆயிரம் மில்லிகிராம் சாயம் பிடிக்கும்னு ஆய்வுக் கட்டுரையில போட்டிருக்கு. அப்படின்னா நாளுக்கு 200 கிராம் இருந்தா வேலை முடிஞ்சிரும்லா? கணக்கு சரியா, செய்முறை என்னன்னு அண்ணாச்சிமார் யாராவது சொல்லுங்க.

பொருநைக்கரை
கணக்கு வாய்ப்பாட்டில் சரி, தொட்டியில் சரியில்லை.

லிட்டருக்கு 200 மில்லிகிராம் சாயம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஆயிரம் லிட்டரில் 200 கிராம் சாயம். ஆயிரம் மி.கி. என்பது காய்ச்சி வடித்த நீரில், பிஎச் 3 என்ற அமில நிலையில், ஒரே ஒரு சாயத்தோடு, ஒரு நாள் முழுக்கக் குலுக்கி எடுத்த உச்ச அளவு. உங்கள் தண்ணீரில் உப்பும் சோடாவும் இருக்கின்றன. எதிர்மின் சாயத்தைப் பிடிக்க வேண்டிய கைட்டோசானின் நேர்மின் இடங்களில் குளோரைடும் சல்பேட்டும் வந்து உட்காரும். ஆகவே கிராமுக்கு 100 மி.கி. என்று வைத்துத் திட்டமிடுங்கள். அதற்கு நாளுக்கு 2 கிலோ உலர் கைட்டோசான் வேண்டும். பீட்ஸ் என்பது 2 சதவீதக் கரைசலைச் சொட்டவிட்டுச் செய்வது, மீதி 98 பங்கு தண்ணீர். 2 கிலோவைப் பீட்ஸாக்கினால் ஏறத்தாழ 100 லிட்டர் ஜெல். தினமும் 100 லிட்டர் ஜெல்லைச் செய்து, நிரப்பி, அலசி எடுக்க முடியுமா என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னொன்று. நிறம் போனாலும் உப்பு போகாது. கரைந்த உப்பின் அளவை, அதாவது டிடிஎஸ்ஸை, எந்தப் பரப்பீர்ப்பானும் (சாயத்தைத் தன் பரப்பில் ஒட்டவைத்துப் பிடிக்கும் பொருள்) குறைக்காது. தெளிந்த தண்ணீரைப் பார்த்து ஏமாந்து வாய்க்காலில் விட்டுவிடக் கூடாது. உள்நாட்டு நீர்நிலையில் விடும் கழிவுக்குப் பொது வரையறை பிஎச் 5.5 முதல் 9, லிட்டருக்கு மி.கி. கணக்கில் சிஓடி (கழிவை வேதிமுறையில் ஆக்சிஜனேற்றத் தேவைப்படும் ஆக்சிஜன்) 250, பிஓடி (கிருமிகள் கழிவைச் சிதைக்கத் தேவைப்படும் ஆக்சிஜன்) 30. திருப்பூரில் நொய்யல் ஆற்று மாசு வழக்கில் உயர் நீதிமன்றம் 2011-ல் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டபோதும் பெரிய தகராறு நிறம் மட்டுமல்ல, உப்பும்தான்.

தறிநாடா
அப்ப கைட்டோசானே வேண்டாம்ங்கீங்களா?

பொருநைக்கரை
வேண்டாம் என்று சொல்லவில்லை. கடைசி வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள், முதல் வேலைக்கு வேண்டாம். அதற்கு முன்னால் தண்ணீரைப் பிரியுங்கள்.

சாயத் தொட்டித் தண்ணீரில் லிட்டருக்கு 40 முதல் 80 கிராம் உப்பும், 10 முதல் 20 கிராம் சோடா சாம்பலும் இருக்கும். அலசும் தண்ணீரில் அதில் சிறு பங்குதான். பிரிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமிலக் கணக்கு ஒன்று போதும். கைட்டோசான் ரியாக்டிவ் சாயத்தை நன்றாகப் பிடிப்பது பிஎச் 3 முதல் 5-ல். 15 கிராம் சோடா உள்ள ஒரு லிட்டர் தொட்டித் தண்ணீரை அங்கே இறக்க 35 சத ஹைட்ரோகுளோரிக் அமிலம் 25 மில்லி குடிக்கும். ஆயிரம் லிட்டரும் அப்படி இருந்தால் தினம் 25 லிட்டர் அமிலம். அத்தனையும் உப்பாகி டிடிஎஸ்ஸில் ஏறும். நுரைத்துப் பொங்குவது தனி.

ஆகவே தொட்டித் தண்ணீர், சுமார் 100 லிட்டர், தனியே வெயில் பாத்திக்கு. நாளுக்கு 4 மி.மீ. வற்றும் என்று வைத்தால் 25 சதுர மீட்டர் தேவை. உப்பு செறிய செறிய ஆவியாவது குறையும், அதனால் 40 சதுர மீட்டராகக் கட்டுங்கள். அடியில் தார்ப்பாய் போதாது, தடிமனான எச்டிபிஇ பிளாஸ்டிக் விரிப்பு வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் வற்றவே வற்றாது. அந்த இரண்டு மாதத் தண்ணீரைத் தேக்க மூடிய தொட்டி இல்லாமல் பாத்தி கட்டிப் பயனில்லை.

மிச்சம் 900 லிட்டர் அலசுத் தண்ணீர். முதலில் கட்டவைத்து, அதாவது மருந்து போட்டுச் சாயத்தைத் திரளாக்கிப் படியவிட்டு, நிறத்தின் பெரும்பங்கை இறக்குங்கள். படிகாரம் டைரக்ட் சாயத்துக்குக் கேட்கும், ரியாக்டிவுக்கு அவ்வளவாகக் கேட்காது. ஃபெரஸ் சல்பேட்டும் சுண்ணாம்பும், அல்லது டைசயண்டயமைடு வகை நிறநீக்கிப் பாலிமர். அளவை ஒரு லிட்டர் பீக்கரில் பார்த்தே முடிவு செய்யுங்கள். நிறநீக்கியை மிஞ்சிப் போட்டால் கலங்கல் மறுபடி மிதக்கத் தொடங்கும், மின்னூட்டம் மறுபக்கம் புரண்டுவிடுவதால். லிட்டருக்கு 30 மி.கி. சாயமாக இறங்கிய தண்ணீருக்கு 300 கிராமுக்குள் கைட்டோசான் போதும். அது செய்யக்கூடிய வேலை.

தேரிக்காடு
இறால் ஓட்டுல இருந்து செய்யறதைப் பத்திக் கேட்டீங்க. படி இதுதான்.

ஓட்டைக் கழுவி, வெயில்ல காயப்போட்டு, உடைச்சுக்கிடணும். ஒரு கிலோவுக்கு ஒரு மோலார் ஹைட்ரோகுளோரிக் 15 லிட்டர், மெதுவாச் சேர்க்கணும். சுண்ணாம்பு கரையும்போது பொங்கி வழியும், பாதி காலியா உள்ள டிரம்மா இருக்கட்டும். ரெண்டு மணி நேரம். கழுவு. பிறகு 4 சத காஸ்டிக் சோடாவுல 75 டிகிரியில ரெண்டு மணி நேரம், புரதம் போகும். இது வரைக்கும் வந்தது கைட்டின். அதை 45 சத காஸ்டிக்ல 100 டிகிரியில மூணு நாலு மணி நேரம் வச்சா அசிட்டைல் தொகுதி கழலும், கைட்டின் கைட்டோசானாகும். கழுவி முடிக்கவே பெரும்பாடு, தண்ணி நடுநிலைக்கு வர அஞ்சாறு தடவை.

இப்ப யோசிங்க. ஒரு கிலோ கைட்டோசானுக்கு எவ்வளவு காஸ்டிக் கழிவு வருது? சாயக்கழிவை ஒழிக்கப் போயி அதைவிட மோசமான கழிவை உண்டாக்கின கதை ஆயிரும். பட்டறைக்காரரு செய்யவேண்டிய வேலை இல்லை வே. அசிட்டைல் நீக்கம் 85 சதத்துக்கு மேலன்னு சொல்ற பொடியை வாங்கிக்கிடுங்க. வாங்கினதும் ஒரு கிராமை ஒரு சத அசிட்டிக் அமிலம் 100 மில்லில ராத்திரி முழுக்கக் கலக்குங்க. அடியில சவ்வு மாதிரி நின்னா அது பாதி கைட்டின்தான், திருப்பி அனுப்புங்க.

கோரைக்கட்டு
பத்தமடைப் பாய்க்கோரைக்குச் சாயம் காய்ச்சுற தண்ணிக்கும் இதே பீட்ஸ் ஆகுமா? நம்ம பக்கம் ரியாக்டிவ் கிடையாது.

கண்ணாடிக்குடுவை
ஆகாது, அண்ணாச்சி. கோரையில லிக்னின் இருக்கறதால பேசிக் சாயம்தான் நல்லாப் பிடிக்கும், அது நேர்மின் சாயம். மெத்திலீன் நீலம், மலக்கைட் பச்சை, ரோடமீன் எல்லாம் அந்தக் குடும்பம். கைட்டோசானும் அமிலத்துல நேர்மின். ரெண்டும் ஒண்ணை ஒண்ணு தள்ளிவிடும். உங்களுக்கு எதிர்மின் பாலிமர் வேணும். ஆல்ஜினேட் எளிது: சோடியம் ஆல்ஜினேட் 2 கிராம், தண்ணி 100 மில்லி, ஊசி வழியா 2 சத கால்சியம் குளோரைடுல சொட்டவிட்டு ஒரு நாள் ஊறவைங்க. பிஎச் 5-க்கு மேல கார்பாக்சில் அயனியாகி நல்லாப் பிடிக்கும்.

ஆனா ஒண்ணு. இதைத் தறிநாடா தண்ணியில போட்டா ராத்திரியோட ராத்திரியா உருகிரும். சோடா சாம்பல் கால்சியத்தை கார்பனேட்டாப் பிடுங்கிரும், உப்புல உள்ள சோடியம் மீதிக் கால்சியத்தோட இடத்துல உட்காரும். பீட்ஸ் வீங்கிச் சளி மாதிரி ஆயி, குழாயை அடைக்கும். சிட்ரேட், பாஸ்பேட் உள்ள சோப்புத் தண்ணியும் அப்படித்தான்.

பாய்க்குப் பழைய சிவப்பு சப்பங்கிக் கட்டையில இருந்து வந்தது. அந்தச் சாயம் பேசிக் வகை இல்லை, அதுக்கு இந்தக் கணக்கைப் போடாதீங்க.

தறிநாடா
அக்கா, அப்ப கைட்டோசான் பீட்ஸ் செய்முறையையும் சொல்லிருங்க. பீட்ஸ் அமிலத்துல கரையாம இருக்க குறுக்குப் பிணைப்பு எவ்வளவு போடணும்? கட்டுரைக்குக் கட்டுரை வேற வேறயாப் போட்டிருக்கு.

கண்ணாடிக்குடுவை
சோதனை அளவுக்கு:

கைட்டோசான் 2 கிராம், அசிட்டிக் அமிலம் 2 மில்லி, தண்ணி 100 மில்லி. ராத்திரி முழுக்கக் கலக்கி, காலையில துணியில வடிகட்டி, குமிழி அடங்க ரெண்டு மணி நேரம் சும்மா வைங்க. இந்தக் காத்திருப்பை விட்டாப் பீட்ஸுக்குள்ள காத்து மாட்டி, அது மிதக்கும். பீட்ஸை நிரப்பித் தண்ணி விடுற நெடுங்குழாய்ல மேல ஏறி ஒதுங்கிரும்.

ஒரு மோலார் காஸ்டிக் 500 மில்லி, மெதுவாச் சுழல விடுங்க. ஊசி முனை திரவத்துக்கு மேல 5 முதல் 8 செ.மீ. இது முக்கியம். ரொம்பக் கிட்ட இருந்தா துளி உருண்டை ஆகறதுக்குள்ள மேற்பரப்பு கெட்டியாகி வால் முளைக்கும், தலைப்பிரட்டை கணக்கா. ரொம்ப உயரத்துல இருந்தா மோதித் தட்டையாயிரும், தோசைக்கல்லுல ஊத்தின மாதிரி. கரைசல் கெட்டியா இருந்தாலும் வால் வரும். அப்ப 2 சதத்தை 1.5 ஆக்குங்க. ராத்திரி காஸ்டிக்லயே விட்டு, கழுவுன தண்ணி பிஎச் 7 காட்டுற வரை அலசுங்க.

இப்ப குறுக்குப் பிணைப்பு. 85 சத அசிட்டைல் நீக்கம்னா கிராமுக்கு ஏறக்குறைய 5 மில்லிமோல் அமீன். 2 கிராமுக்கு 10. குளூட்டரால்டிஹைடு 25 சதக் கரைசல் ஒரு மில்லில 2.5 மில்லிமோல், ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு கை. அரை மில்லி போட்டா அதிகபட்சம் 2.5 மில்லிமோல் அமீன், அதாவது நாலுல ஒரு பங்கு போகும். அது போதும். 200 மில்லி தண்ணியில பீட்ஸோட 12 மணி நேரம். வெளுப்பா இருந்தது மஞ்சளாகி, செம்பழுப்பாகும். நெறைய போட்டா பீட்ஸ் நல்லாக் கெட்டியா, அழகா இருக்கும், சாயம்தான் பிடிக்காது. பிடிக்கவேண்டிய அமீனையே நாம கட்டிப் போட்டுட்டோம்.

போதுமான்னு பார்க்க: பத்து பீட்ஸை பிஎச் 3 தண்ணியில ஒரு நாள் போடுங்க. உருகினா குறைவு. லேசா வீங்கி அப்படியே நின்னா சரி. குளூட்டரால்டிஹைடு ஆவி மூக்கையும் கண்ணையும் பிடுங்கும், வெளிக்காத்துள்ள இடத்துல கையுறையோட செய்யுங்க.

காயவைக்க வேண்டாம். வெயில்ல காஞ்சா கடுகு அளவுக்குச் சுருங்கி, துளை மூடிக்கும், மறுபடி ஊறவச்சாலும் பழைய வேகம் வராது.

தேரிக்காடு
பெரிய அளவுக்கு பீட்ஸை விட மணல்ல பூசறது உத்தமம். நம்ம தேரி மணல், அந்தச் சிவப்பு மேட்டு மணல், எவ்வளவோ கெடக்கே, அதுல பூசலாமா?

பொருநைக்கரை
பூசுவது நல்ல யோசனை, தேரி மணல் வேண்டாம். அதன் சிவப்பு இரும்பு ஆக்சைடும் களிமண்ணும் கலந்த மெல்லிய பூச்சு. அமிலக் கைட்டோசான் கரைசலில் அது உரிந்து கலங்கும். மணலும் நுண்ணியது, படுகை இறுகிவிடும். 0.5 முதல் 1 மி.மீ. வடிகட்டிக் குவார்ட்ஸ் மணலை வாங்கி, நீர்த்த அமிலத்தில் ஊறவைத்து, கழுவி உலர்த்திக்கொள்ளுங்கள். 100 கிராம் மணலுக்கு 2 கிராம் கைட்டோசான், கரைசலாகக் கலந்து, காஸ்டிக்கில் இறக்கி உறையவைத்து, பின் மேலே அக்கா சொன்ன குறுக்குப் பிணைப்பு. ஜெல் பீட்ஸ் நசுங்கும், 40 செ.மீ.க்கு மேல் உயரம் வைத்தால் அடியில் உள்ளவை அடைசலாகும். மணல் நசுங்காது.

நெடுங்குழாயின் விட்டம் துகளின் விட்டத்தைப் போல இருபது மடங்காவது இருக்கட்டும். குறைந்தால் சுவரோரமாகத் தண்ணீர் நழுவி ஓடும், நடுப்படுகை சாயமே படாமல் கிடக்கும். பக்கவாட்டில் கண்ணாடி இருந்தால் நிறக்கோடு சாய்வாக இறங்குவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். நேராக இறங்கினால்தான் சரி. முன்னால் ஒரு சாதா மணல் வடிகட்டி இல்லாமல் ஓட்டாதீர்கள், நூல் பஞ்சு இரண்டே நாளில் மேற்பரப்பைப் போர்த்திவிடும்.

முலாம்நெல்லை
உலோகத்தைப் பத்தி யாரும் பேசலியே. நிக்கல், குரோம் முலாம் பட்டறைக் கழிவுக்கு இந்தக் கைட்டோசான் ஆகுமா? கைட்டோசான் குரோமை 99 சதம் எடுக்கும்னு படிச்சது.

கண்ணாடிக்குடுவை
அந்த 99 சதத்தை எப்படி அளந்தாங்கன்னு பாருங்க. டைபினைல்கார்பசைடு போட்டு 540 நானோமீட்டர்ல பார்த்திருந்தா அது ஆறு இணைதிறக் குரோமியத்தை (நச்சு கூடின வகை) மட்டும்தான் காட்டும். அமிலத்துல கைட்டோசான் அதுல ஒரு பங்கை மூணு இணைதிறத்துக்குக் குறைச்சுத் தண்ணியிலயே விட்டிரும். ஆறு காணாமப் போச்சு, குரோமியம் தண்ணியிலேதான் இருக்கு. மொத்தக் குரோமியத்தை அணு உறிஞ்சல் கருவியில பார்த்தாத்தான் உண்மை. வரையறையே ரெண்டா இருக்கு: லிட்டருக்கு ஆறு இணைதிறம் 0.1, மொத்தம் 2 மி.கி.

இன்னும் ரெண்டு ஏமாத்து. செம்பு, ஈயம் மாதிரி அயனியை பிஎச் 6-க்கு மேல சோதிச்சா ஹைட்ராக்சைடாப் படிஞ்சிரும். அதைப் பரப்பீர்ப்புன்னு எழுதிருவாங்க. பரப்பீர்ப்பான் போடாத ஒரு குடுவையை அதே பிஎச்சுல கூடவே வைங்க, அதுல எவ்வளவு குறையுதோ அது படிவு. காங்கோ சிவப்பு பிஎச் 3-க்குக் கீழ நீலமாயிரும். அதை 497 நானோமீட்டர்லயே அளந்தா சாயம் போச்சுன்னு வரும், குடுவையைக் கண்ணால பார்த்தா மைப்புட்டி மாதிரி நிக்கும். அளக்கும்போது எல்லாக் குடுவையையும் ஒரே பிஎச்சுக்குக் கொண்டுவாங்க. மெத்திலீன் நீலத்தை வடிதாள்ல வடிக்காதீங்க. செல்லுலோஸ் தாளே பாதியைக் குடிச்சிரும். சுழற்றிப் பிரிச்சு, மேல் தெளிவை எடுங்க.

கலப்புச் சாயக் கழிவுக்கு ஒரே அலைநீளம் போதாது. 436, 525, 620 மூணுலயும் பாருங்க.

பொருநைக்கரை
முலாம் கழிவுக்கு ஒழுங்கான வழி வேறு. ஆறு இணைதிறக் குரோமைப் பிஎச் 2.5-ல் சோடியம் மெட்டாபைசல்பைட்டால் குறையுங்கள். ஒரு கிராம் குரோமுக்குக் கணக்குப்படி 2.7 கிராம், நடைமுறையில் 3-க்குக் கொஞ்சம் மேல். சல்பர் டைஆக்சைடு கிளம்பும், மூடிய அறையில் செய்யாதீர்கள். மஞ்சள் போய்ப் பச்சை வந்ததும் சுண்ணாம்பால் 8.5-க்கு ஏற்றினால் குரோம் படியும். நிக்கலுக்கு 10 வரை ஏற வேண்டும், ஆகவே இரண்டையும் ஒரே குழியில் கலக்காமல் தனித்தனியாகப் படியவையுங்கள். சயனைடு முலாம் தண்ணீர் ஏதேனும் இருந்தால் அந்த வாய்க்காலும் அமில வாய்க்காலும் எங்கேயும் சந்திக்கக் கூடாது. அது உயிர் போகிற விஷயம்.

படிந்து தெளிந்ததில் மிச்சமிருக்கும் நிக்கல், செம்புக்கு இமினோடைஅசிட்டேட் பிசின். இந்தப் பாலிமர் கால்சியத்தை விட்டுச் செம்பு, நிக்கலைத் தேர்ந்து பிடிக்கும். சாதாரண மென்னீர்ப் பிசினுக்கு அந்தப் புத்தி கிடையாது, கிணற்றுத் தண்ணீரின் கடினத்தன்மையிலேயே நிரம்பிவிடும்.

தறிநாடா
எங்க தண்ணியில மயில் நீலம் போடுவோம். அதுல செம்பு இருக்குங்காங்களே, அதுக்கும் இந்தப் பிசின் வைக்கணுமா?

பொருநைக்கரை
வைக்க வேண்டாம், பிடிக்காது. மயில் நீலம், டர்க்காய்ஸ் வகைகளில் செம்பு தாலோசயனின் வளையத்துக்குள் பூட்டிக் கிடக்கிறது. அயனியாக வெளியே இல்லாததைப் பிசின் எப்படிப் பிடிக்கும்? மாதிரியை அமிலத்தில் செரித்து அளக்கும் கருவிக்கு மட்டும் அது செம்பாகத் தெரியும். சாயத்தை எடுத்தால் செம்பும் கூடவே போய்விடும். ஆனால் இந்தச் சாயம் பெரிய மூலக்கூறு, ஜெல்லுக்குள் மெல்லத்தான் நுழையும். சிவப்பு ஒரு மணி நேரத்தில் இறங்கினால் இது நாலைந்து மணி எடுக்கும். நெடுங்குழாயில் முதலில் வெளியே கசிவது இந்த நிறம்தான். பாய்ச்சல் வேகத்தை இதற்கு வைத்து முடிவு செய்யுங்கள்.

முலாம்நெல்லை
பிடிச்ச பிறகு? கழுவித் திரும்பப் போடலாம்ல?

கண்ணாடிக்குடுவை
சாயம் பிடிச்ச கைட்டோசானுக்கு 0.1 மோலார் காஸ்டிக், கூடக் கொஞ்சம் உப்பு. நாலஞ்சு தடவைக்கு மேல ஒவ்வொரு சுத்துக்கும் கொள்ளளவு இறங்கும். கழுவுன கரைசல் கெட்டிச் சாயம், அது வெயில் பாத்திக்கு. உலோகத்துக்கு, அதை இறுக்கிக் கட்டுற இடிடிஏன்னு நெறைய பேர் எழுதிருவாங்க. பீட்ஸ் சுத்தமாயிரும், ஆனா இடிடிஏ கட்டுன செம்பை அப்புறம் சுண்ணாம்பு போட்டாலும் இறக்க முடியாது. குறுக்குப் பிணைப்பு சரியா இருந்தா 0.1 மோலார் கந்தக அமிலமே போதும். பிறகு காஸ்டிக் கொடுத்து அமீனைத் திரும்ப விடுவிச்சிரணும், இல்லாட்டி அடுத்த சுத்துல செம்பு ஒட்டாது.

பொருநைக்கரை
உலோகம் நிறைந்து ஓய்ந்துபோன பிசின், கட்டவைத்த சேறு எல்லாம் 2016-ஆம் ஆண்டு அபாயக் கழிவு விதிகளில் வரும். கும்மிடிப்பூண்டியில் உள்ளது போன்ற அங்கீகரித்த மையத்துக்குத்தான் போக வேண்டும். தென்னை மூட்டில் கொட்டுவது, செங்கல் சூளைக்குக் கொடுப்பது இரண்டும் கூடாது. குரோம் சேறு சூளையில் காற்றுப்பட்டுச் சுட்டால் மறுபடி ஆறு இணைதிறமாகத் திரும்பிவிடும், அத்தனை பாடுபட்டுக் குறைத்தது வீண்.

தறிநாடா
கடைசியா ஒண்ணு. செஞ்ச பீட்ஸை எத்தனை நாள் வச்சிருக்கலாம்? எங்க ஊர் வெயிலுக்கு ரெண்டே நாள்ல வாடை வந்துட்டு.

கண்ணாடிக்குடுவை
காஸ்டிக் போக முழுசாக் கழுவி, நடுநிலைத் தண்ணியில வச்சிருப்பீங்க. அதான் பூசணம் பிடிச்சிருக்கு. சாயப் பட்டறைன்னா கடைசி அலசலை நிறுத்தி, பிஎச் 11 உள்ள நீர்த்த காஸ்டிக்லயே மூடி வைங்க. கைட்டோசான் காரத்துல கரையாது, கிருமியும் அண்டாது. போடுற அன்னைக்குக் காலையில அலசிக்கிடலாம். வாடை வந்ததைப் போடாதீங்க, மேல சளி படிஞ்சிருக்கும், துளையை அடைச்சிரும்.

தறிநாடா
வழுவழுன்னுதான் இருக்கு. கொட்டிட்டு புதுசாப் போடுதேன், இந்தத் தடவை 1.5 சதத்துல.